ஐஸ் பெட்டியில் வைத்த கட்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். பேப்பரில் வரும் இந்தப் பத்தியில் என் சமையல், என் மூட்டுவலி, எங்கள் தெருவுக்கு வராத தண்ணீர் லாரி, அம்மனுக்குக் கூழ் ஊற்றிய கதை... எல்லாம் சொல்லியாகிவிட்டது. இதை மட்டும் சொல்லவில்லை. பேனாவை எடுப்பேன். என் வீட்டுக்காரர் முகம் நினைவுக்கு வரும். மூடி வைத்துவிடுவேன்.

போன வாரம் அவரே "எய்து" என்று சொல்லிவிட்டார்.

டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஏறினோம். அவர் டிரைவர் பக்கத்தில். நான் பின்னால், இரண்டு பெண்களுக்கு நடுவே. நடுவில் ஒருத்தி உட்கார்ந்துவிட்டால் பேச்சு நின்றுவிடுமா என்ன? என் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டு வந்தார்கள்.

"உன் தங்கச்சி பொண்ணுக்கு மார்ல கட்டின்னியே, ஆப்ரேஷன் முட்ச்சிட்டாங்களா?"

"அத்த ஏன் கேக்குற. நாங்க வேணான்ட்டோம். காசிமேட்டுல ஒரு மீன்காரிக்கு இப்டிதான் ஆச்சாம். சும்மா இருந்த கட்டிய அறுத்து எட்த்து ஐஸ் பொட்டில வச்சிக்கினாங்களாம். அங்க கட்டி வெறைக்க வெறைக்க, இங்க அவ ஒடம்பு பூரா புத்துநோயா பரவிடிச்சாம்."

"யாரு வச்சது?"

"கூடப்பொறந்த அண்ணன்காரனாம். சொத்துக்கோசரம்னு கூட சொல்லிக்கிறாங்கோ."

சொத்து... ஒரு மீன் கூடை, ஒரு அலுமினியத் தட்டு. வேறென்ன இருந்தது அவளிடம்?

முன்சீட்டில் என் வீட்டுக்காரரின் கழுத்து அசையவில்லை. அந்த அண்ணன்காரன் அவர்தான். அந்த மீன்காரி செல்வி, அவருடைய ஒரே தங்கை. என் நாத்தனார்.

தேரடியில் அந்தப் பெண்கள் இறங்கினார்கள். ஆட்டோ கிளம்பிய பிறகுதான் அவர் "நிறுத்துப்பா" என்று குதித்து இறங்கி, கூட்டத்துக்குள் ஓடினார். நான் பின்னாலேயே போனேன். ஒரு பூக்கடை ஓரமாக மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். அவர்களைக் காணவில்லை.

"நீதான் பேப்பர்ல எய்துறியே, இத்த எய்து. நடந்தத்த நடந்தா மாரியே எய்து. அந்தப் பொண்ணு வூட்ல யாராச்சும் படிச்சா போதும்."

எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் காசிமேடு துறைமுகத்தில் ஐஸ் வேலை பார்ப்பவர். ஐஸை உடைத்துப் படகில் ஏற்றுவது, பெட்டியில் மீனுக்கு ஓர் அடுக்கு ஐஸுக்கு ஓர் அடுக்கு என்று போடுவது, இறால் உறைந்து இறுக ஐஸோடு கல்லுப்பு கலப்பது... இதுதான் அவர் பிழைப்பு. ஐஸில் மட்டுமே மீனைக் காப்பாற்றுகிறவன் என்று அவருக்கு ஒரு கர்வமும் உண்டு.

ஐஸில் வைக்காமல் வேறு எதில் வைப்பார்கள் என்கிறீர்களா? ஃபார்மலின். பிணம் கெடாமல் இருக்கப் போடும் மருந்து. சில புண்ணியவான்கள் அதை மீனில் தெளித்துவிடுகிறார்கள் என்று ஒரு சமயம் ஊரெல்லாம் பேச்சானது. ஜனங்கள் மீன் வாங்கவே பயந்தார்கள். செல்வி நிறைந்த கூடையோடு போய் நிறைந்த கூடையோடு திரும்பி வருவாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஃபார்மலின் ஒரு கெட்ட வார்த்தை.

செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷன் விட்டுப்போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். பெரிய வாயாடி. வஞ்சிரத்துக்கு அடிமாட்டு விலை கேட்ட ஒருவரிடம், "சார், நீ கேட்ட வெலைய கேட்டு மீனு மறுக்கா செத்துப்பூட்ச்சு" என்றாள். அவரே சிரித்துவிட்டு, அவள் சொன்ன விலைக்கு வாங்கிப்போனார்.

ஒருநாள் குளித்துவிட்டு வந்து என் கையைப் பிடித்து வைத்தாள். "அண்ணி, இங்க தொட்டுப் பாரேன். எலுமிச்சம்பயம் மாரி கீது."

வலி இல்லை. ஆனால் மளமளவென்று வளர்ந்தது. பக்கத்தில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் எடுத்தோம். சாதாரணக் கட்டியாகத்தான் இருக்கும், எதற்கும் டெஸ்ட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி, எடுத்த கட்டியை ஒரு டப்பாவில் போட்டு என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்கள்.

நம் ஊரில் இது வழக்கம்தானே? அறுத்தெடுத்த சதையை வீட்டு ஆளே சுமந்துகொண்டு லேப்புக்கு ஓடுவது. டப்பாவுக்குள் இருப்பது என்ன, அதை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது... யார் சொல்கிறார்கள்? கொடுக்கிறவர்களுக்கு அவசரம். வாங்குகிறவர்களுக்குப் பயம்.

அது சனிக்கிழமை சாயங்காலம். லேப்பை மூடிவிட்டார்கள், இனி திங்கட்கிழமைதான். நான் செல்விக்குத் துணையாக நர்ஸிங் ஹோமிலேயே இருந்துவிட்டேன். அவர் டப்பாவோடு வீட்டுக்குப் போனார்.

வழியிலேயே அவருக்கு வாடை வந்திருக்கிறது. வீட்டுக்குப் போய் மூடியைத் திறந்திருக்கிறார். பிற்பாடு என்னிடம் சொன்னார்: "கப்புனு அட்ச்சிது. இன்னாடா இது, என் தங்கச்சி சதைல போயி பொணத்து மருந்த ஊத்தி வச்சிக்கிறானுங்கோ, டெஸ்ட்டே தப்பா வந்துடுமேன்னு நெனச்சிக்கினேன்."

மருந்தைக் கொட்டிவிட்டார். சதையை நல்ல தண்ணீரில் அலசினார். கவரில் போட்டுக் கட்டி, ஏற்றுமதி இறாலுக்கு வைப்பதுபோல நொறுக்கிய ஐஸும் கல்லுப்பும் அடுக்கி, பெட்டியை மூடினார். பெட்டிக்குத் திருநீறு பூசி அம்மன் படத்துக்குக் கீழே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஐஸ் கரையக் கரைய மாற்றிக்கொண்டே இருந்தாராம்.

தனக்குத் தெரிந்த வேலையைத் தன் தங்கைக்காக அவ்வளவு ஒழுங்காகச் செய்தார். அதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது.

திங்கட்கிழமை அதை லேப்பில் கொடுத்தார். சில நாளில், அங்கே சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்கிற டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இதை எதுல வச்சிருந்தீங்க?"

"ஐஸுல தாம்மா. ஒரு பொட்டு வாடை வராம வச்சிருந்தேன். அவங்க ஊத்தின மருந்தயும் கொட்டிட்டேன்." பெருமையாகத்தான் சொன்னார்.

டாக்டரம்மா கோபப்படாமல் சொன்னார்: "ஐயா, மீன் சாப்பிடறதுக்கு. அதுக்கு ஐஸ் சரி. இது பார்க்கறதுக்கு. மெல்லிசா சீவி, சாயம் போட்டு, ஒவ்வொரு செல்லா பார்க்கணும். உறைஞ்சுபோனா உள்ளே இருக்கற தண்ணி ஊசி ஊசியா ஐஸாகி செல்லையெல்லாம் கிழிச்சிடும். அந்த மருந்துதான் அதை இருந்தபடியே நிறுத்தி வைக்கும்."

"மீனுல போட்டா குத்தமாச்சேம்மா."

"மீனுல போட்டா குத்தம்தாங்க. இதுக்கு அதைத்தான் போடணும். உங்ககிட்ட யாராவது சொல்லியிருக்கணும்."

புற்றுநோய் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை என்றார். ஏதோ அபூர்வமான கட்டியோ என்று சந்தேகம். ஓரம் சுத்தமாக வந்திருக்கிறதா, உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. விடாமல் காட்டிக்கொண்டே இருங்கள் என்றார்.

காட்டிக்கொண்டுதான் இருந்தோம். அதே இடத்தில் அது திரும்பவும் வந்தது. முன்னைவிட வேகமாக.

இந்தத் தடவை அரசாங்க ஆஸ்பத்திரி. மார்பையே எடுத்துவிட்டார்கள். டப்பாவைக் கொண்டுவந்த நர்ஸம்மாவிடம் என் வீட்டுக்காரர் கெஞ்சினார். "சதை முய்க்க முங்கணும்மா. இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா அந்த மருந்த." வாழ்நாளெல்லாம் எந்த வாடையைத் திட்டினாரோ, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார், ஒரு சொட்டு சிந்தாமல்.

ஒரு டாக்டர் பார்த்தது போதாது என்று அந்தச் சதையை இன்னொரு பெரிய ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினார்கள். பேர் ஃபில்லாய்ட்ஸ். மார்பில் வருகிற கட்டிகளில் அபூர்வமானது. பல பேருக்கு எடுத்தால் சரியாகிவிடுமாம். செல்விக்கு வந்தது அதிலேயே கெட்ட வகை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இலை விரிந்தமாதிரி தெரியுமாம், அதனால் அந்தப் பேர்.

"இலையா?" என்றாள் செல்வி. "மீன் விக்கிறவளுக்கு மீன் கட்டிதான வரணும். இது யாரோ கீரைக்காரிக்கு வர வேண்டியது, அட்ரஸ் மாறி வந்துகீது."

டாக்டர்களே சிரித்துவிட்டார்கள். நான் வராண்டாவுக்குப் போய் அழுதேன்.

இப்படிப்பட்ட கட்டி அடிக்கடி கிடைக்காது, அதனால் உங்கள் சதையை மெழுகில் பதித்து ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார்கள். சாமி கொடுத்த உடம்பில் ஒரு பகுதி எங்கேயோ இருந்துவிட்டால், போகிற காலத்தில் முழுசாகப் போய்ச் சேருவாளா என்று எனக்கு உறுத்தல். செல்விக்கு அதெல்லாம் இல்லை. "நான் மூணாவதோட நின்னவ அண்ணி. என் சதையாச்சும் காலேஜுக்குப் போட்டும். அத்த படிச்சி நாலு டாக்டரு பாஸ் ஆவட்டும்" என்று கையெழுத்துப் போட்டாள்.

நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. மூச்சு விடவே சிரமப்பட்ட நாட்களில் என் வீட்டுக்காரர் அவள் காலடியிலேயே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

"இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கிக்கினு கீற? ஐஸ் வச்சேன், ஐஸ் வச்சேன்னு அதே நெனப்பா?"

அவர் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எவன் எவனோ மீனுக்கு மருந்து அட்ச்சப்போ நீ அடிக்கல. அந்தக் கையாலதான வச்ச. வுடுண்ணா."

சொல்லிவிட்டு இருமினாள். அவர் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்த வாரமே போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு என்னையும் அழைத்துக்கொண்டு அந்த டாக்டரம்மாவிடம் போனார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அன்னிக்கி நான் ஐஸுல வெக்காம இருந்திருந்தா என் தங்கச்சி பொயச்சிருப்பாளாம்மா?"

நான் அம்மனை வேண்டிக்கொண்டேன்: "இல்லை" என்று ஒரு பொய்யாவது சொல்லிவிடட்டும்.

டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. "தெரியலைங்க. முதல்லயே தெரிஞ்சிருந்தா இன்னும் அகலமா எடுத்திருப்பாங்க. அப்படி எடுத்தும் சிலருக்குத் திரும்ப வரும். உங்க தங்கச்சிக்கு எப்படி ஆகியிருக்கும்னு சொல்லணும்னா, அந்த முதல் சதை எனக்கு ஒழுங்கா கிடைச்சிருக்கணும்."

அவ்வளவுதான். அவர் கேள்விக்குப் பதில் அந்த ஐஸ் பெட்டியோடு போய்விட்டது. குற்றவாளி என்று சொல்லிவிட்டால் அழுது தீர்க்கலாம். இல்லை என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டும் இல்லாமல் ஒரு மனிதர் தினமும் காலையில் எழுந்து ஐஸ் உடைக்கப் போகிறார். அம்மா தாயே, இதை ஏன் அவர் தலையில் வைத்தாய் என்று நான் கேட்காத வெள்ளிக்கிழமை இல்லை. எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரி அலமாரியில் மெழுகுக்குள் இருக்கும் அந்தத் துளிக்கும் சேர்த்துத்தான் விளக்கேற்றுகிறேன். பைத்தியக்காரத்தனம் என்பீர்களா? இருக்கட்டும்.

நடந்தது இவ்வளவுதான். இது வாய் மாறி வாய் மாறி, ஐஸ் வைத்ததால் நோய் பரவியது என்றாகி, சொத்துக்காக என்றாகி... இப்போது ஒரு பெண் கட்டியை எடுக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். மீன் கெட்டால் வாடை வருகிறது, யாரும் வாங்குவதில்லை. பேச்சு கெட்டால்?

தேரடிப் பக்கம் அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கட்டியை எடுத்ததால் செல்வி சாகவில்லை. வெளியே இருக்கும் சதைக்கு ஐஸ் வைத்தால் உள்ளே நோய் பரவாது. அது எந்த நோய் என்று கண்டுபிடிக்கத்தான் முடியாமல் போகும். டப்பாவில் மருந்து ஊற்றிக் கொடுத்தால் திறக்காதீர்கள், கொட்டாதீர்கள். மருந்து ஊற்றாமல் கொடுத்தால் கேளுங்கள். ஐஸும் வேண்டாம், ஃப்ரிட்ஜும் வேண்டாம்.

இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். கூட்டாமல், குறைக்காமல் சொல்லுங்கள். இரக்கப்பட்டு ஒன்றைச் சேர்க்கவும் வேண்டாம், நாகரிகம் பார்த்து ஒன்றை விடவும் வேண்டாம்.

நானே முதலில் "வீட்டில் ஒருவர் மருந்தைக் கொட்டிவிட்டார்" என்றுதான் எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது அவர் நிறுத்தச் சொன்னார். "யாரோ ஒருத்தர்னு போடாத. கூடப்பொறந்த அண்ணன்தான் கொட்னான்னு போடு. அப்பதான் இன்னொரு அண்ணன்காரன் கொட்ட மாட்டான்."

போட்டுவிட்டேன். நீங்களும் அதை எடுத்துவிடாதீர்கள்.