சண்டை மூட்டிப் பல்செட் பார்த்த ஸ்டெல்லா டாக்டர்

ஸ்டெல்லா டாக்டர் போய்விட்டார். நேற்றுச் சாயங்காலம், மாரடைப்பு...

க்ளினிக் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்ததும் "யாருய்யா இப்படி விளையாடறது" என்று திட்டி மெசேஜ் போட்டேன். விளையாட்டு இல்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மர்பி டவுனில் எங்கள் பல் க்ளினிக்கின் டாக்டர். பல்லே இல்லாதவர்களுக்கு முழு பல்செட் போடுவதில் கெட்டிக்காரர். பின்னால் லேபில் அந்தப் பற்களை அடுக்கிக் கொடுப்பது என் வேலை. நாங்கள் இருவரும் கத்திக்கொள்ளாத நாளே கிடையாது. சத்தியமாகக் கிடையாது!

அழுகிற மாதிரி ஒரு பதிவு எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. அவரை நினைத்தாலே ஒரு பரபரப்பு வந்துவிடுகிறது, எழுந்து நின்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல வேண்டும் போல...

பல் கலர் பார்க்கிற கார்டை எடுத்துக்கொண்டு பேஷன்ட்டை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போவார். வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டுமாம். வருகிற எல்லாருக்கும் இருப்பதிலேயே வெள்ளைப் பல்தான் வேண்டும்.

"ஏம்ப்பா, வாஷ்பேசின் கலர்லயா பல்லு கேக்கறே? கரன்ட் போனா வீட்டுக்கு லைட்டா வேணும்?"

கேட்டவரே சிரித்துவிடுவார். டாக்டர் எடுத்த கலர்தான் முடிவாகும்.

சரி, சண்முகம் அண்ணன் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஈஜிபுராவில் ஆட்டோ ஓட்டியவர். பல் எல்லாம் எடுத்தபிறகு பேச்சையே நிறுத்திவிட்டார். க்ளினிக்கில்கூட வாய்மேல் கர்ச்சீப். பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாரை வார்க்க என் தம்பி உட்காரட்டும், நான் உட்கார மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

நான் பல்லை மெழுகில் அடுக்கிக் கொண்டுபோனேன். மெழுகில் இருக்கும்போதே வாயில் வைத்துப் பார்த்துவிட வேண்டும், திருத்துவதெல்லாம் அப்போதுதான். வரிசை அப்படி ஒரு நேர்! எனக்கே பெருமை தாங்கவில்லை.

டாக்டர் பார்த்தார். "ஏனப்பா ரவி இது? ஷோகேஸ் பொம்மைக்கா அடுக்கினே?"

"நேரா இருக்கறது தப்பா டாக்டர்?"

"தப்புதான்!" கூட வந்திருந்த அண்ணன் பொண்ணின் போனை வாங்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஆயுத பூஜைக்கு மாலை போட்ட ஆட்டோ, பக்கத்தில் வாய் நிறையச் சிரிக்கிற சண்முகம் அண்ணன். இடதுபக்கம் ஒரு பல் பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறி நிற்கிறது. "இந்த ஆளோட சிரிப்பு எங்கே? அதை வை."

முறைத்துக்கொண்டே போய்ப் பல்லைத் திருப்பி வைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்ததுதான் அவருடைய ஸ்பெஷல். மற்ற டாக்டர்கள் பேச்சு சரியாக வருகிறதா என்று பார்க்க ஒன்று, இரண்டு எண்ணச் சொல்வார்கள். இவர் புருஷன் பொண்டாட்டிக்கு நடுவில் சண்டை மூட்டிவிடுவார்! "எண்ணச் சொன்னா எல்லாரும் ஸ்கூல் பசங்க மாதிரி எண்ணுவாங்க. கோபம் வந்தாத்தான் வாய் நிஜமாத் திறக்கும்" என்பார்.

மெழுகுப் பல்லோடு அண்ணன் உட்கார்ந்திருக்கிறார், கர்ச்சீப் மறுபடி வாய்மேல். டாக்டர் அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"காந்தம்மா, இவர் மேல உங்களுக்கு என்ன கோபம்? சும்னே, சும்மா ஒண்ணு சொல்லுங்க."

"எங்கேருந்து ஆரம்பிக்கட்டும் டாக்டர்?" என்றார் காந்தம்மா. அப்புறம் குரல் மாறிவிட்டது. "பெத்த பொண்ணு, டாக்டர். அப்பா கையால தாரை வார்த்துக் குடுன்னு அழுவுது. இந்த மனுஷனுக்கு அவரு வாயிதான் பெரிசு."

கர்ச்சீப் கீழே விழுந்தது.

"யாருக்குடி பெரிசு? மைக் வெச்சு அய்யரு மந்திரம் சொல்வாரு, நான் திருப்பிச் சொல்லணும். பொக்கை வாயில காத்து காத்தா வந்தா சம்பந்தி ஜனம் சிரிக்காதா? யாருக்கு அசிங்கம்? நம்ம பொண்ணுக்குத்தானே!"

டாக்டர் டார்ச்சோடு அவர் முகத்துக்குள்ளேயே போய்விட்டார். "சூப்பர்! நிறுத்தாதீங்க! அந்தச் 'சம்பந்தி ஜனம் சிரிக்காதா'வை இன்னொரு வாட்டி! ரவி, 'ச' வர்றப்ப லேசா காத்து போகுது, கேட்டியா? முன்பல்லை ஒரு நூல் மாத்து!"

அண்ணன் கீழே கிடந்த கர்ச்சீப்பைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் தான் வாயை மூடாமல் பேசியது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காந்தம்மா அழுதுகொண்டிருந்தார்.

முன்பல்லை மாற்றினேன். திரும்பவும் சண்டை. திரும்பவும் மாற்றினேன்.

கல்யாணத்துக்கு டாக்டரும் நானும் போனோம், முதல் வரிசை. தாரை வார்க்க மணையில் சண்முகம் அண்ணனே உட்கார்ந்திருந்தார்! பக்கத்தில் காந்தம்மா. அய்யர் மந்திரத்தை ஆரம்பித்தார், அது முழுக்க ஸவும் ஷவும்...

ஒவ்வொரு ஸ வரும்போதும் டாக்டர் என் கையை நசுக்கினார். "வந்துச்சு... வந்துச்சு... க்ளீனா வந்துச்சு ரவி!"

பொண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, காந்தம்மா தண்ணீர் ஊற்ற, கடைசி வார்த்தையை அண்ணன் மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லி முடித்தார்.

டாக்டர் எழுந்து நின்று, தொண்டை கிழிய, "ஆமென்!"

மண்டபமே திரும்பியது. அய்யர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சண்முகம் அண்ணன் பொத்தவில்லை. சம்பந்தி ஜனம் எல்லாரும் பார்க்க, தலையைப் பின்னால் சாய்த்து, அத்தனை பல்லும் தெரியச் சிரித்தார்.

நாளைக் காலை சர்ச்சில் பூசை. காந்தம்மாவோடு அண்ணன் வருகிறார், பொண்ணும் மாப்பிள்ளையும் வருகிறார்கள்.

போய் வாங்க டாக்டர். நாளைக்கு ஆமென் நாங்க சொல்றோம்... உங்களுக்குக் கேக்கற மாதிரி.