பன்னிரண்டாம் மாடிக் காற்று

மூன்று வருடங்களுக்கு முன் கிள்ளானில், ஒரு மண்டபத்தில் நடந்தது இது. முதல் வீடு வாங்குகிறவர்களுக்காக அரசாங்கம் மலிவு விலையில் கட்டிய அடுக்குமாடி வீடுகளை அன்று குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் வாடகை வீட்டில்தான் இருந்தோம். கேரி தீவில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய என் கணவர், ஒரு விபத்தில் முட்டி நொறுங்கிய பிறகு காய்கறிப் பாசாரில் தேங்காய் துருவி விற்கிறார். சம்பளச் சீட்டு இல்லாத அவரை எந்த வங்கியும் திரும்பிப் பார்க்கவில்லை. கடனுக்கு அரசாங்கமே உத்தரவாதம் தரும் திட்டம் வந்த பிறகுதான் எங்களுக்கும் வழி பிறந்தது.

நடக்க முடியாதவர்களுக்குக் கீழ்த்தள வீடு ஒதுக்குகிறார்கள், கேட்டுப் பார்ப்போம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். மனிதர் கேட்டால்தானே. “கால் கொஞ்சம் இழுக்குது, அவ்ளோதான்லா. அதெல்லாம் ரொம்ப முடியாதவங்களுக்குப் போகட்டும்” என்று என் வாயை அடைத்துவிட்டார்.

என் கைக்கு வந்தது பன்னிரண்டாம் மாடி. சொந்த வீடு கிடைத்த சந்தோஷத்தில் சுற்றிலும் ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், எனக்கோ கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“லிஃப்ட் இருக்குல்ல, ஏன் அழுவுற?” என்றார் அவர்.

இருக்கும், ஓட வேண்டுமே. வாடகை ஃபிளாட்டில் லிஃப்ட் கெட்டுப்போன நாட்களில் அவர் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியதைப் பார்த்தவள் நான்.

பக்கத்து நாற்காலியில் ஜெஞ்சாரோமிலிருந்து வந்திருந்த ஒரு மலாய் அக்கா. அவருக்குக் கீழ்த்தளம் விழுந்திருந்தது. எங்கள் தமிழ் அவருக்குப் புரிந்திருக்காது, ஆனால் என் கணவரின் கைத்தடியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு, வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று மலாயில் கேட்டார். நான் நம்பாமல் விழித்தேன். மேலே நல்ல காற்று வரும், கொசு வராது, தனக்கு உயரம்தான் பிடிக்கும் என்று சிரித்தார். அதிகாரி இருவரையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டுவிட்டு மாற்றிக் கொடுத்தார். அதிர்ஷ்டக்காரி, அவருக்கும் பிடித்தது கிடைத்துவிட்டது என்று நான் நிம்மதியாக வீடு வந்தேன்.

குடிபோன பிறகு வந்த நோன்புப் பெருநாளுக்கு, முறுக்கு எடுத்துக்கொண்டு மேலே போனேன். வீட்டுக்குள் ஒரே புழுக்கம். பால்கனிக் கதவு சாத்தியிருந்தது, அதன் மேல் கனமான திரை வேறு. காற்றுக்காக வந்த ஆள், கதவைத் திறக்கக் கூடாதா என்று அக்காவைக் கேலி செய்தேன். அவர் கணவர்தான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அக்காவுக்கு உயரம் என்றால் சின்ன வயதிலிருந்தே நடுக்கமாம். பால்கனிப் பக்கமே போவதில்லையாம், துணி காயப்போடுவதுகூடக் கணவர்தானாம். அக்கா அவசரமாக எழுந்து, தேநீர் கொண்டுவருகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

கையிலிருந்த முறுக்கைத் தட்டிலேயே வைத்தேன். அடுப்படிக்குப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதேன். பழகிவிடும், பழகிவிடும் என்று என்னைத்தான் அவர் சமாதானப்படுத்தினார்.

கீழே வந்து என் கணவரிடம் சொன்னேன். மறுநாளே அவர் எங்கள் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட இன்னொரு கம்பி கட்டினார். அன்றிலிருந்து அக்கா துணி காயப்போடுவது அங்கேதான். மழை இருட்டிக்கொண்டு வந்தால் என் கணவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஓடுவார், முதலில் எடுப்பது அக்கா வீட்டுத் துணிகளைத்தான். எங்களுடையது சிலநாள் நனைந்தும் போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைய குலுக்கலில் எனக்கு விழுந்தது வீடு மட்டுமல்ல, அந்த அக்காவும்தான் என்று மனம் நிறைந்துவிடுகிறது.