துளசிங்கமும் துருப்பிடித்த டாங்கியும்

காலையில் நான் சைக்கிளில் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி ஏரியோரமாக வரும்போது துளசிங்கம் உழுதுகொண்டிருப்பார். டிராக்டர் மட்டும் நகராது. இரும்பு இருக்கையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார். ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையும் லேசாகப் படிந்திருக்கும். கண் பாதி மூடியிருக்கும். வரப்பு எங்கே வரும் என்பது அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் உடம்பு இடப்பக்கம் சாயும், ஸ்டியரிங் கால் வட்டம் திரும்பும். கழுத்தைத் திருப்பி, கொழு சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். பின்னால் இருப்பதெல்லாம் நெருஞ்சியும் இரண்டு கோழிகளும்தான்.

"இன்னா வாத்தியாரே, ஸ்கூலுக்கா?" என்று என் பக்கம் திரும்பாமலே கேட்பார். என் சைக்கிள் செயினின் சத்தம் அவருக்குப் பழகிவிட்டது.

"உழவு எதுவரைக்கும் வந்திருக்கு?"

"பாதிக் கயனி முட்ச்சாச்சி. மீதி சாய்ந்தரம்."

சிரிக்காமல்தான் சொல்வார். மேடவாக்கம் பள்ளிக்கூடத்துக்கு நான் மாற்றலாகி வந்த புதிதில், மனிதருக்கு ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். அப்புறம் அந்த நேரத்தில் அவரைப் பார்க்காமல் போனால் எனக்கே என்னவோ போலிருந்தது.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, மிக நீளமான விரல்கள். உப்பு வாங்கக் கடைக்கு அனுப்பினால் ஏரியில் நாரை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவார். இன்னொரு விசித்திரமும் உண்டு. கேட்ட கேள்விக்கு உடனே பதில் வராது. ஒரு திங்கட்கிழமை, "இதை விற்றுவிட்டால் என்ன?" என்று கேட்டேன். ஆகாயத்தைப் பார்த்தார். தாம்பரத்து விமானம் ஒன்று தாழப் பறந்து போயிற்று. வியாழக்கிழமை நான் சைக்கிளை மிதித்துக் கடக்கும்போது, "அதெல்லாம் விக்கிறதா இல்ல வாத்தியாரே" என்றார்.

வண்டலூரில் ஒரு தோட்டக்காரர் கழித்துக் கட்டிய டிராக்டர் அது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கிறது. இரண்டு போகம் நன்றாக உழுதது. பிறகு நடுக் கழனியில் நிற்கத் தொடங்கியது. பில்டரைக் கழற்றினால் தேயிலைத் தூள் மாதிரி துரு கொட்டும். சுத்தம் செய்து மாட்டலாம் என்று டீசல் டாங்கியைக் கழற்றி மாட்டுக் கொட்டகையில் வைத்தவர், வைத்ததோடு சரி. மழைக்காலங்கள் வந்து போயின. டாங்கி கொட்டகையில் கிடந்தது, துளசிங்கம் இருக்கையில் இருந்தார்.

அவர் மனைவி காந்திமதிக்கு உட்காரத் தெரியாது. பேசும்போதும் கை எதையாவது கிள்ளும், கட்டும், உதறும். வண்டி மாடுகள் கிழடாகிவிட்டதால் போன வருஷம் கழனி தரிசாகக் கிடந்தது. கிணற்றோரம் கீரை போட்டு, கூடையில் சுமந்து தாம்பரம் மார்க்கெட்டில் விற்று, குடும்பத்தை அவர்தான் இழுத்துக்கொண்டிருந்தார்.

இந்த வைகாசியில் ஒரு பெருமழை பெய்தது. மறுநாள் நான் அந்தப் பக்கம் போகும்போது காந்திமதி டிராக்டரின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"யோவ், இந்த ஈரம் காயறதுக்குள்ள இது ஓடணும். ஓடலன்னு வெச்சுக்கோ, காயலான் கடைக்காரன இஸ்தாந்து நானே எட போட்டுடுவேன். மேல குந்திகினு கீற உன்னியும் சேத்து!"

துளசிங்கம் வரப்பு வந்துவிட்டது போல இடப்பக்கம் சாய்ந்தார். 

அவர் பதில் இரண்டு நாள் கழித்துச் சாலையில் வந்தது. கடகடவென்று மலை சரிவது போல ஒரு சத்தம். பார்த்தால் துளசிங்கத்தின் காலி மாட்டுவண்டி. சக்கரத்தின் ஆரக்கால்களோடு சேர்த்துச் சாக்குச் சுற்றிய டாங்கியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். உள்ளே பல்லாவரத்துக் கருங்கல் ஜல்லி. சக்கரம் சுழலச் சுழல ஜல்லி உருண்டு துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தது. கையால் குலுக்கிப் பார்த்துத் தோள் விட்டுப்போயிற்றாம். சேலையூர் டீக்கடையிலிருந்து ஒருவன், "இன்னா தொளசிங்கம், வண்டிக்கு வவுத்து வலியா?" என்று கத்தினான். கிழட்டு மாடுகள் மிரண்டு காதை விறைத்துக்கொண்டு நடந்தன. அவர் மட்டும் ஏதோ கச்சேரி கேட்கிறவர் போல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தாம்பரம் வரை போய்த் திரும்பி, மறுபடி போனார்.

மாலையில் டாங்கியை நன்றாக அலசிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"உள்ள பாரு வாத்தியாரே."

அவர் டாங்கியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க, நான் அதன் வாயில் கண்ணை வைத்தேன். உள்ளே கும்மிருட்டு. தூரத்தில், ஒரு மூலையில் மட்டும், பொடிப்பொடியாக நட்சத்திரங்கள்.

"ஓட்ட. துரு அடச்சிகினு இருந்துகீது. துரு போச்சா, தெரியுது."

எனக்கு மனசு கனத்தது. அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. மறுபடி வாங்கித் தானும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். காந்திமதி வந்து வெடுக்கென்று பிடுங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். ஓயாத அந்தக் கை சற்று நேரம் சும்மா இருந்தது.

"அமாவாச வானம் கணக்கா கீது" என்றார் மெதுவாக. பிறகு குரல் ஏறியது. "இதுல இன்னாத்த ஊத்துவ?"

மேற்குத் தாம்பரத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அசரியா என்பவருக்குச் சின்னக் கடை. வாளி, ராந்தல், ஸ்டவ் எல்லாவற்றுக்கும் ஈயம் பற்றவைத்துத் தருவார். பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்டிருந்ததால் நானும் துளசிங்கத்தோடு வண்டியில் போனேன். டாங்கியைக் கண்டதும் அசரியா எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணே, வேற எது வேணா கொண்டாங்க. டாங்கி மட்டும் வேணாம். காலின்னு நெனைப்போம், உள்ள ஆவி இருக்கும். நெருப்பு காட்டினா பாம் மாதிரி வெடிக்கும். ஒரு தடவ வெடிச்சதுல இந்தக் காது போச்சு. கர்த்தர் புண்ணியத்துல கண்ணு மிஞ்சிச்சு."

துளசிங்கம் வாதாடவில்லை. எதிரே கிடந்த கல்லில் டாங்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மின்சார ரயில்கள் வந்தன, போயின. நிழல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிற்று. நான் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்தேன். அசரியா ஒரு குடத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, காலையில் அவர் சொன்னதற்கு இப்போது பதில் வந்தது.

"சலவச்சோடா போட்டு நாலு வாட்டி காச்சி ஊத்திகீறேன். தண்ணி ரொப்பிட்டா ஆவி எங்க நிக்கும்?"

அசரியா யோசித்தார். "முழுக்க ரொப்பினா ஈயம் ஒட்டாது. ஓட்டை இருக்குற மூலைய மட்டும் மேல தூக்கி வெச்சு, தண்ணி அதுல படாம சாய்ச்சுப் பிடிக்கணும். இம்மி அசைஞ்சாலும் தண்ணி வந்து ஈயத்த ஆறடிச்சுடும். யாரு பிடிப்பா?"

"நான் புட்ச்சிக்கிறேன்."

"வெடிச்சா?"

"நான் அசைய மாட்டேன்."

அசரியா அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைச் சாலைக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து ஜெபித்தார். அடுப்பில் ஈயத்தை உருக்கும் செம்புக் கட்டி சிவக்கத் தொடங்கியது.

அந்தச் சமயத்தில்தான் காந்திமதி காலிக் கூடையோடு மார்க்கெட்டிலிருந்து வந்தார். என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். கூடை கையிலிருந்து நழுவியது.

"யோவ்! அத வுட்டுட்டு வாய்யா! காயலான் கடைக்கே போட்டுடலாம், வந்துடுய்யா!"

பஸ் இரைச்சலை மீறி அந்தக் குரல் கேட்டிருக்க வேண்டும். துளசிங்கம் திரும்பவில்லை. டாங்கியை நெஞ்சோடு சாய்த்து, நீண்ட விரல்களை விரித்துப் பிடித்திருந்தார். செம்புக் கட்டி தகரத்தைத் தொட்டது. புஸ்ஸென்று வெள்ளைப் புகை. 'டப்' என்று ஒரு சத்தம். அசரியா துள்ளிப் பின்னால் போய்விட்டார். காந்திமதி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. தண்ணீர் ஒரு சொட்டு சூட்டில் தெறித்திருக்கிறது, அவ்வளவுதான். துளசிங்கம் இருந்தபடியே இருந்தார். மூச்சு விடுகிறாரா என்றுகூடத் தெரியவில்லை. அசரியா நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஒவ்வொரு பொத்தலாக அடைத்தார். தண்ணீரைக் கொட்டிவிட்டு டாங்கிக்குள் பார்த்தால் ஒரு நட்சத்திரமும் இல்லை.

வண்டியில் மூவரும் திரும்பினோம். காந்திமதி முகத்தை முந்தானையால் அடிக்கடி துடைத்துக்கொண்டார். சேலையூர் தாண்டி, வயல் காற்று வீசத் தொடங்கியபோது துளசிங்கம் மாடுகளைப் பார்த்தபடி, "இரு, இதோ வந்துடறேன்" என்றார்.

காந்திமதி அவரை முறைத்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து டாங்கியை மாட்டினார்கள். முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகித் துளசிங்கம் சுழற்றினார். இருமியது, நின்றது. மறுபடி சுழற்றினார். கரும்புகை குபீரென்று எழும்ப, கோழிகள் பறக்க, டிராக்டர் உடம்பு முழுக்கச் சிலிர்த்துக்கொண்டு உறுமத் தொடங்கியது. கழனிக்குள் இறங்கியது. ஈர மண் புரண்டு புரண்டு பின்னால் விழுந்தது. கொக்குகள் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டன. டாங்கியின் அடியில் ஒரு துளி ஈரமில்லை.

வெயில் ஏறியது. காந்திமதி கஞ்சிச் சொம்போடு வரப்பில் வந்து நின்றார். டிராக்டர் அவரைக் கடந்து போயிற்று. மறுசுற்றிலும் கடந்து போயிற்று. "கஞ்சி ஆறுது!" என்று கத்தினார். காதில் விழுந்த அடையாளமே இல்லை.

அதற்கடுத்த சுற்றில் வண்டி மெதுவாகி, சரியாக அவர் பக்கத்தில் வந்து நின்றது. என்ஜினை அணைக்கவில்லை. காந்திமதி சொம்பை நீட்டினார். துளசிங்கம் அதை வாங்கவில்லை. தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து, உதறி, நாலாக மடித்தார். வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த மட்கார்டின் மேல் அதை விரித்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவி, காந்திமதிக்கு இடம் விட்டு இருக்கையின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.