சுற்றிக்கொண்டு வந்த மந்திரி

போன வாரம் ஒரகடம் கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தேன். யாரோ திருஷ்டி சுற்றி உடைத்த பூசணிக்காய் ஓரமாகக் கிடந்தது. குங்குமமும் வெள்ளைச் சதையும் வெயிலில் கலந்து ஒரு வாசனை வருமே, அது மூக்கில் ஏறியதும் எனக்கு செஸ் ஆட்டம் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரெஸ் ஷாப்பில் நான் சேர்ந்த காலத்தில் எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். ஆயுத பூஜைக்கு ஒரே ஒரு பெரிய பூசணிதான். முந்தின நாள் கேன்டீனில் செஸ் போட்டி. ஜெயித்த செக்‌ஷனின் மெஷின்களை மட்டும் சுற்றிவிட்டு அதை கேட்டில் உடைப்பார்கள். யார் கண்டுபிடித்த ஏற்பாடோ! பெயிண்ட் ஷாப் ஜோசப்தான் வருஷா வருஷம் ஜெயிப்பான். அந்த வருஷமோ எங்கள் பிரெஸ்ஸில் அடுத்தடுத்து இரண்டு பேருக்கு விரல் போயிருந்தது. பூசணி எங்கள் பக்கம் வந்தே ஆகவேண்டும் என்று மணிமங்கலம் பெருமாளை வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். படிப்பு பத்தாவதோடு சரி; ஆனால் செஸ்ஸில் என்னை லேசில் அசைக்க முடியாது.

அன்று ஜோசப் அசைத்துவிட்டான். கழித்துப்போட்ட போல்ட்டும் நட்டும்தான் எங்கள் காய்கள். அவசரத்தில் என் சிப்பாய்களை நடுவில் கறுப்புக் கட்டங்களிலேயே சுவர் மாதிரி நிறுத்திவிட்டேன். மிச்சமிருந்த மந்திரியும், ஜோசப் பாஷையில் பிஷப், கறுப்புக் கட்டத்துக்காரர். சொந்த ஆட்களே வழியை அடைத்தால் அவர் எங்கே போவார்?

"இன்னா மாமே, எங்க பிஷப்பு ஊர் ஊரா சுத்திகினு கீறாரு, உன் ஆளு வூட்ட வுட்டே வர மாட்டேன்றாரு?" என்றான் ஜோசப். கேன்டீனே சிரித்தது.

"வருவாரு, இரு."

வாய் சொல்லிவிட்டது, வழி தெரியவில்லை. பெருமாளை நினைத்தேன். மணிமங்கலத்தில் அவருக்குச் சங்கு வலக்கையில், சக்கரம் இடக்கையில். அவரே கை மாற்றிப் பிடிக்கும்போது மந்திரி மட்டும் முன்னால்தான் போகவேண்டுமா? ஒரு கட்டம் நகர்த்தி, அடுத்த முறை கடைசி வரிசைக்கே இறக்கினேன்.

"ரிவர்ஸ் கியர் போட்றான் பாரு!" என்று சிரித்துக்கொண்டே மறுகோடியில் ஒரு சிப்பாயைத் தள்ளினான்.

அதற்குள் என் மந்திரி சுவருக்கு வெளியே சறுக்கிப் பலகையின் ஓரத்தில் போய் நின்றார். எதிரே அவன் குதிரை. அதே கோட்டில் அதன் பின்னால் ராணி. குதிரை நகர்ந்தால் ராணி போச்சு. ஜோசப்பின் சிரிப்பு நின்றது. சிப்பாயைத் தள்ளித் தள்ளி அந்தக் குதிரையை எடுத்தேன். அதோடு ஆட்டம் என் கைக்கு வந்துவிட்டது.

மறுநாள் பூசணிமேல் கற்பூரம் எரிய ஒவ்வொரு பிரெஸ்ஸையும் சுற்றி முடித்து கேட்டுக்குத் திரும்பினேன். பெயிண்ட் ஷாப் வாசலில் ஜோசப் வழிமறித்தான்.

"அப்டியே எங்க பக்கமும் ஒரு சுத்து சுத்திட்டுப் போ."

"நீ சர்ச்சுக்குப் போறவனாச்சேப்பா?"

"பெயிண்ட்ட காய வைக்கிற அடுப்பாண்ட நிக்கிறது அல்லாரும் நம்ம ஆளுங்கதான? சுத்துடா, கற்பூரம் அணையப் போவுது."

சுற்றினேன். அன்றிலிருந்து பூசணி எல்லா செக்‌ஷனுக்கும் போனது. செஸ் போட்டி எங்கே முதலில் சுற்றுவது என்பதற்கு மட்டும்தான்.

இப்போது என் மகன் அங்கே வேலை பார்க்கிறான். பிரெஸ்ஸெல்லாம் கம்பி வலைக்குள்ளே, ரோபோ ஓட்டுகிறதாம். யார் விரலும் போவதில்லை, பெருமாள் புண்ணியம். பூசணியை நேரே கேட்டிலேயே உடைத்துவிடுகிறார்களாம். ஜோசப் என்னை மறித்த இடத்தில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். ஒரு செக்‌ஷன் ஆள் அதைத் தாண்டி இன்னொரு செக்‌ஷனுக்குப் போகக் கூடாதாம்.