அவர் பெயர் அதில் இல்லையாம்!

இன்று பதுளையில் பசறை பஸ் ஏறினேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கடைக்கார அண்ணன், "வாங்க டீச்சர், உக்காருங்க" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

பக்கத்தில் அமர்ந்ததும் அவருடைய போன் கண்ணில் பட்டது. ரோஜாப்பூ படம் போட்ட ஒரு பேஸ்புக் போலிக் கணக்கில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

போன வாரம் எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி வேலை முடிந்து யார் யாருடனோ ஆட்டோவில் வருகிறாள் என்று எழுதிய அதே கணக்கு. அன்றிலிருந்து அவள் வேலைக்கே போகவில்லை.

"அண்ணே, அந்தப் பிள்ளையப் பத்தி எழுதுனது நீங்களா?" சத்தமாகவே கேட்டேன்.

"மெதுவா பேசுங்க டீச்சர், எல்லாரும் பாக்குறாங்க. சும்மா தமாசுக்கு எழுதுனது. எம் பேருகூட அதுல இல்லையே."

"உங்க பேரு இல்ல. அவ பேரும் படமும் இருந்துச்சே!"

அங்கேயே அந்தப் பதிவை அழிக்க வைத்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அந்தப் பிள்ளையின் அம்மா அவர் கடையில்தான் சாமான் வாங்குகிறார். "மக ஏன் வேலைக்குப் போகல?" என்று இந்த அண்ணனே அவரிடம் அக்கறையாக விசாரித்தாராம். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அந்தப் பதிவுக்குச் சிரித்தவர்களும் அதைப் பகிர்ந்தவர்களும் என் நண்பர்களிலேயே இருக்கிறீர்கள். கீழே வந்து ஏதாவது சொல்லுங்கள். சொந்தப் பெயரில்.