மணிச் சத்தத்துக்குப் பழகிய நாய்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீட்டு வரிசைக்குக் கீழே, வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையின் வீடும் மரக்கறித் தோட்டமும் இருந்தன. வேலியோரம் விறகு பொறுக்கிய அம்மாவின் காலை அவருடைய நாய் குதறியது.

"நாயி சும்மா கடிக்காது. நீ என்னத்த திருட வந்த?" என்றார்.

நான் அப்போது உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தேன். தீங்கில்லாத ஒரே சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டால், ஒரு நரம்புக் கலம் அடுத்ததற்கு அனுப்பும் இரசாயனம் குறைந்துகொண்டே போகும்; விலங்கு அதைக் கண்டுகொள்ளாது. எனக்கு அது போதும்.

எங்கள் மாட்டின் கழுத்து மணியைக் கழற்றி, தினமும் அந்த வேலியோரம் ஆட்டிக்கொண்டு நடந்தேன். முதலில் நாய் பாய்ந்து குரைத்தது. பிறகு காதை மட்டும் தூக்கியது. கடைசியில் கண்ணையே திறக்கவில்லை. அன்று மத்தியானம் மணியை மாட்டுக்கே கட்டி, அவர் தோட்டத்துக்குள் விட்டேன். ஒரு முட்டைக்கோவாகூட மிஞ்சவில்லை.

மறுநாள் வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு, அவர் முகத்தைப் பார்க்கவே போனேன். எல்லார் முன்னாலும் அம்மாவைக் காது கூசத் திட்டினார். அம்மா கண்ணைக்கூட இமைக்காமல் கூடையை மாட்டிக்கொண்டாள்.

"கோவமே வரலியாம்மா?"

"தெனம் கேக்குறதுதானே."

நாயைப் பழக்கியது நான். அம்மாவைப் பழக்கியவர்களுக்கு ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டது போதாது.