அத்தாட்சிக்கு ஒரு பாட்டில்

கண்ணாடிக்குத் தழும்பு உண்டு. அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடாக விழும். பாட்டிலின் விலாவில் கட்டைவிரலை வைத்து மேலே ஏற்றினால் நகத்தில் இடறும். அந்தக் கோடு வாய் விளிம்பு வரை ஏறிப் போனால் மிஷின் வார்த்தது, வயது கம்மி. கழுத்தோடு கரைந்துபோனால் வாயை மட்டும் யாரோ சூட்டோடு சூடாகக் கையால் ஒட்டியிருக்கிறார்கள். கிழட்டுப் பாட்டில்.

எனக்கு இதை லேபிள்கள்தான் சொல்லித் தந்தன. எண்பதுகளின் கடைசியில் கள்ளக்குறிச்சியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தேன். கடையின் பின்கட்டில் காலாவதியான மருந்துகள் சாக்குச் சாக்காகக் கிடந்தன. லேபிளில் வருஷத்தைப் பார்ப்பேன், பிறகு கண்ணாடியைத் தடவுவேன். நாளாக ஆக லேபிள் தேவைப்படவில்லை. ஞாயிறு வந்தால் கரியாலூர் பஸ். ஓடை ஓடையாக, முழங்கால் தண்ணீரில், மழை அறுத்துப்போட்ட கரைகளில் கண்ணாடி தேடுவேன். உட்காரத் தெரியாத கால்கள்.

மலையில் என்னைப் பாட்டில்காரர் என்றார்கள். அந்தப் பெயரை வைத்தவர், ஓடைக்கு மேலே சாமை விதைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. பார்க்கும்போதெல்லாம் குரல் கொடுப்பார். “இன்னா தம்பி, நாங்க கல்லு பொறுக்குனா கஞ்சி கெடைக்குது, நீ பாட்டலு பொறுக்குனா இன்னா கெடைக்குது?”

ஒரு ஞாயிறு அவர் கிண்டல் செய்யவில்லை. முந்தானையில் ஒரு பாட்டிலைப் பொத்திக்கொண்டு வந்தார். பின்னால் அவருடைய மகள். பிளஸ் டூ முடித்தவள். வாத்தியார் பயிற்சியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வியாழக்கிழமைக்குள் பழங்குடி என்று சாதிச் சான்றிதழ் காட்டாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசில், இந்த மலையில் தலைமுறையாக இருந்ததற்குப் பழைய அத்தாட்சி ஏதாவது கொண்டுவா என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“இது எங்க மாமனாரு எண்ணெ ஊத்தி வச்சிருந்த பாட்டலு. அடியில வருசம் போட்டுக்குதாம், பாப்பா படிச்சுது. எவ்ளோ பழசுன்னு நீ ஒரு கடுதாசி எழுதிக் குடு.”

பழைய அத்தாட்சி. அவர் காதில் ‘பழைய’ மட்டும் விழுந்திருக்கிறது. அதை நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் பாட்டிலைக் கவிழ்த்தேன். அடியில் நான்கு இலக்கம், பத்தொன்பதில் தொடங்கியது. அது வருஷம் இல்லை, அச்சின் எண். கோடு வாய் வரை ஏறியிருந்தது. அதன் அண்ணன் தம்பிகள் எங்கள் கடைச் சாக்கில் லேபிளோடு கிடந்தார்கள். அந்தப் பெண்ணின் வயதுகூட இருக்காது அதற்கு.

அதை மட்டும் சொன்னேன்.

அம்மா தரையைப் பார்த்தார். மகள்தான் கேட்டாள்: “அப்ப ஓடையில தேடலாமாண்ணா? எங்க வூட்டாண்ட ஓடுற ஓடதானே?”

மூவரும் இறங்கினோம். வெயில் உச்சிக்கு வந்து சாயும் வரை. அவளுக்குக் கூர்மையான கண். வேர்களுக்கு அடியில் கையை விட்டுச் சேற்றோடு ஒன்றை உருவினாள். கழுவினேன். கரும்பச்சை. உள்ளே பொடிப்பொடியாய்க் குமிழிகள், எப்போதோ இழுத்த மூச்சு இன்னும் வெளியேறாமல். கோடு கழுத்தில் செத்துப்போயிருந்தது. வாய் லேசாகக் கோணல். நான் கத்தினேன். அவர்களும் சிரித்தார்கள், தங்களுக்காகத்தான் கத்துகிறேன் என்று நினைத்து. நான் பாட்டிலுக்காகக் கத்தினேன்.

‘இதன் வயது எழுபதுக்குக் குறையாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே என்னவென்று போடுவது? பழைய கண்ணாடி அறிந்தவன்.

அந்த வாரம் இட ஒதுக்கீட்டுக்கான போராட்டம் சாலைக்கு வந்தது. புளியமரங்கள் வெட்டுப்பட்டுத் தார் ரோட்டில் படுத்தன. பஸ் இல்லை, கடைகள் இல்லை. வியாழன் காலையிலிருந்து ஆபீஸ் வாசலில் நின்றேன். வரமாட்டார்கள், வரவேண்டாம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு வந்தார்கள். முழங்கால் வரை புழுதி, துண்டில் சுற்றிய பாட்டில். அடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலிருந்தே நடை.

“மரத்தாண்ட பசங்க நிறுத்திட்டானுங்க தம்பி. எங்க போறம்மான்னானுங்க. சாதி சர்டிபிகேட்டுக்குன்னேன். நாங்களும் அந்தப் பங்குக்குத்தாம்மா மரத்த வெட்டிப் போட்டுக்கினு குந்தியிருக்கோம்னு சொல்லி, பாப்பாவக் கை குடுத்துத் தாண்டி வுட்டானுங்க. தண்ணியும் குடுத்தானுங்க.”

ஆபீசில் ஒரே ஒரு கிளார்க். அவரும் நடந்து வந்தவர்தான். செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“நல்லாத்தான் இருக்கு. எழுவது வருசம்னே வச்சுக்குவோம். இதுல குடிச்சவன் எந்தச் சாதி, எந்த வூருன்னு பாட்டல் சொல்லுமா?”

“எங்க வூட்டாண்ட கெடச்சது சார்” என்றார் அம்மா.

“அத்தாட்சின்னா காயிதம்மா. பட்டா, ரசீது, ரிஜிஸ்டர்ல பேரு.”

“அத மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?” என்றாள் மகள்.

கிளார்க் என் பக்கம் திரும்பினார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். “நீங்க சொல்லுங்க. இது இவங்க வூட்டுதுதானா?”

அவள் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்றிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியே வரவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் நாக்கு, பாட்டிலுக்கு விசுவாசமான அந்த நாக்கு, சொல்லிற்று: “ஓடையில கெடச்சது. ஓடை மேலேர்ந்து எத வேணா இட்டாரும்.”

அவள் பார்வையை எடுத்துக்கொண்டாள். கோபம்கூட இல்லை. கணக்கு டீச்சர் விடையைச் சொன்னதும் தன் நோட்டை மூடிவிடும் பிள்ளை மாதிரி.

“அடுத்த வருசம் பாக்கலாம்மா” என்றார் கிளார்க்.

அடுத்த வருஷம் அவளுக்காக மனு எழுதினேன், மூன்று. அந்த வருஷம் அவள் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போன கூட்டத்தில் இருந்தாள்.

அந்த வியாழன் இரவு எங்கள் வீட்டில் தங்கிவிட்டுப் போகச் சொன்னேன். “ஆடு கட்டிப் போட்டபடி கெடக்குது தம்பி” என்று அம்மா படியிறங்கினார். கிளார்க் பின்னாலேயே குரல் கொடுத்தார்: “யம்மா, பாட்டல எடுத்துக்கினு போ!”

அம்மா திரும்பவில்லை. “அத அவருகிட்ட குடு சார். அவருக்குத்தான் அதோட வெல தெரியும்.”

வாங்கிக்கொண்டேன். வண்டி எதுவும் வராத ரோட்டின் நடுவிலேயே இருவரும் நடந்து போனார்கள். இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்தபடி நான் வாசலில் நின்றேன்.